பசுவுக்கு நான்கு கால்கள்

இங்கிலீஷ் புத்தகத்தில் பாடம் முடிந்ததும் 'பசு பற்றி ஐந்து வரி எழுதுக' என்று வருமே, நீங்களும் மனப்பாடம் செய்து எழுதியவர்தானே? தாமல் ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற பையனும் அதே ஐந்து வரிதான். அவன் வீட்டு மாட்டைப் பற்றி யார் கேட்டார்கள்?

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு வேறு மாதிரி யோசித்தார். 1979-ல், தாமல் வழியே போகும் சாலையின் அந்தக் கோடியில், பெங்களூரில் ஆரம்பித்தார். பிறகு சென்னை, கடலூர் பள்ளிகள். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, 'எந்த வண்டி பிடிக்கணும்?' முதல் புதிரை வகுப்பே சேர்ந்து அவிழ்க்கும். அடுத்தது தனியாக. மார்க், விடை சரியா என்பதற்கு மட்டும்!

1984-ல் திட்டம் முடிந்தபோது வெளியாட்கள் பரீட்சை வைத்தார்கள். இலக்கணக் கேள்வியில் பழைய முறைப் பிள்ளைகள் கை ஓங்கியது. புரிந்துகொண்டு பதில் எழுதுவதில் பிரபுவின் பிள்ளைகள். நம்ம ஊர் பரீட்சை இதில் எதைக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?