கிழித்த ஓலையும் அழித்த மடலும்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த ஆளோலை வழக்கைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். முதியவர் வைத்திருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தார். அது படியோலை, மூல ஓலை வேறுண்டு என்கிறார் சேக்கிழார்.

அதனையொத்த வழக்கொன்றை நியூயார்க் கண்டது. யூபிஎஸ் வார்பர்க் நிறுவனம், தன்மீது வழக்குத் தொடுத்த முன்னாள் பெண் ஊழியர் கேட்ட மின்னஞ்சல்களை முழுமையாகத் தரவில்லை. காப்பு நாடாக்களைத் தேடப் பெருஞ்செலவாகும் என்றது. 2003இல் ஐந்து நாடாக்களை மீட்டபோதே 600 மடல்கள் வெளிப்பட்டன. எஞ்சியவற்றை மீட்கும் செலவில் காற்பங்கு வாதியின் தலையில் விழுந்தது. இது சற்றுக் கடுமையே. அழிந்த மடல்கள் நிறுவனத்துக்குப் பாதகமானவை என நடுவர் குழு கருதலாம் என்றார் நீதிபதி ஷைண்ட்லின், 2004இல். மறு ஆண்டு அக்குழு ஏறத்தாழ 2 கோடியே 93 இலட்சம் டாலர் வழங்கியது.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும், 114ஆம் பிரிவு அத்தகைய ஊகத்துக்கு இடமளிக்கிறது. வெண்ணெய்நல்லூர் அவையோர் மூல ஓலையின் கையெழுத்தைப் பாட்டனாரின் பிறிதோர் ஓலையோடு ஒப்பிட்டனர். கணினிப் படிக்கு அப்பணியை, 1993இல் சேர்ந்த 90ஏ பிரிவின்படி, கணினிப் பொறுப்பாளர் ஒப்பமிடும் சான்றிதழ் செய்கிறது.