தாமிரபரணிக் கழிமுகப் பயணம்

தாமிரபரணி ஆற்றின் கடைசிப் பகுதியைக் கரையோரமாகக் கடந்து, அதன் பழைய துறைமுகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தூத்துக்குடியில் முடியும் பயணத்தைத் தாமிரபரணிக் கழிமுகப் பயணம் எனலாம். ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், கொற்கை, ஆத்தூர், புன்னைக்காயல், பழையகாயல், தூத்துக்குடி ஆகியவை வழியில் வரும் ஊர்கள். நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்தத் தடத்தில் இரும்புக்காலத் தாழிக்காடும் இருக்கிறது, சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்துபோகும் பெருந்துறைமுகமும் இருக்கிறது.

ஆற்றங்கரை நகரப் பயணம் என்றதும் ஜெர்மனியின் ரைன் நதி பலருக்கு நினைவுக்கு வரும். கொலோன் நகரில் படகேறி, கோட்டைகளைப் பார்த்தபடி ஆற்றின்மேலேயே ஊர் ஊராகப் போகலாம். தாமிரபரணியில் அதற்கு வழியில்லை. பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கி.மீ. ஓடும் இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு, ஆங்கிலேயர் காலத்துக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. பயணிகள் படகும் இல்லை. ஆகவே இது பேருந்திலும் காரிலும், இயன்றவரை கால்நடையாகவும் போகவேண்டிய பயணம்.

எங்கே தொடங்குவது

பெரும்பாலோர் தூத்துக்குடியில் இறங்கி, திருச்செந்தூர் போய்வந்து, நேரமிருந்தால் கொற்கையை எட்டிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையில் போனால் எதுவும் விளங்காது. இக்கரையின் கதையே துறைமுகம் இடம் மாறிய கதைதான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஒரு துறையைத் தூர்க்க, வணிகர்கள் கடலைத் தேடி அடுத்த துறைக்குப் போனார்கள். கொற்கை தூர்ந்தபின் காயல் (இன்றைய பழையகாயல்), அது தூர்ந்தபின் புன்னைக்காயல், கடைசியாக ஆற்றுமுகத்தை விட்டு வடக்கே விலகி நிற்கும் தூத்துக்குடி. எனவே மேற்கேயிருந்து கிழக்கே, ஆறு போகும் திசையில் போவதே முறை. திருநெல்வேலியில் தங்கிக் காலையில் கிளம்புவது வசதி.

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை ஆற்றை ஒட்டியே வருகிறது. பின் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று தெற்கே ஒதுங்கிவிடும். கொற்கைக்கும் புன்னைக்காயலுக்கும் ரயில் கிடையாது.

ஆதிச்சநல்லூர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் சுமார் 24 கி.மீ. வந்தால், ஆற்றின் தென்கரையில் ஒரு செம்மண் பரம்பு தெரியும். சுமார் 114 ஏக்கரில் பரந்த, இறந்தோரைத் தாழிகளில் புதைத்த இந்த இடுகாட்டில் முதலில் அகழ்ந்தவர் ஒரு ஜெர்மானியர். பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் 1876-இல் இங்கு வந்தார். பிலிப்பைன்ஸ் பயணம் பற்றி ஏற்கெனவே நூல் எழுதியிருந்த அவருக்கு, பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்ப்பதுதான் வேலை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைச் சுடுமண் கலங்கள், இரும்பு ஆயுதங்கள், ஏராளமான எலும்புகள், மண்டை ஓடுகள் என்று அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்து வந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவாகத் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவங்கள் அமைந்த வெண்கலக் கலமூடிகள், வாள்கள், ஈட்டிகள் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1903–04 வாக்கில் வந்த பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் எடுத்த சில, பாரிசுக்குப் போயின. ஆக, ஆதிச்சநல்லூரை முழுமையாகப் பார்க்க விரும்புபவர் மூன்று நாடுகளுக்குப் போகவேண்டும்! நூறாண்டுக்குப் பின் 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. அந்த அகழாய்வின் மாதிரிகளுக்கு அமெரிக்க ஆய்வகம் தந்த காலக்கணிப்பு கி.மு. 905, கி.மு. 696. ஆய்வு முடிந்து முடிவு வெளிவர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதுவும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போன பிறகு.

2023 ஆகஸ்டில் இங்கே களத்திலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த குழியை மூடாமல், மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தாழிகள் மண்ணில் கிடந்த நிலையிலேயே காலடியில் தெரிகின்றன. எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதைவிட இது பத்து மடங்கு புரியவைக்கும்.

ஆற்றின் வடக்கே உள்ள சிவகளையும் இதே இரும்புக்காலத் தொகுதியைச் சேர்ந்தது. அங்கு ஒரு தாழியில் கிடைத்த நெல் உமி கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போவதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை உலக அளவில் விவாதத்தைக் கிளப்பியது. சிவகளைக்குத் தனியாகப் போகவேண்டும் என்பதில்லை. சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கைப் பொருள்களுக்கெனத் திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் தமிழக அரசு அமைத்துள்ள பொருநை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

கோயில் வரிசை

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றின் இரு கரைகளிலும் நவதிருப்பதிக் கோயில்கள் உள்ளன. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியின் உறங்காப்புளி மரத்தடிக்கு அன்றாடம் கூட்டம் வருகிறது. வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் இங்கே கூடும் நாளில், முன்கூட்டி ஏற்பாடு செய்யாதவருக்கு ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு. நவகைலாயக் கோயில்களில் முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஆகியவையும் இந்தப் பகுதியில்தான். ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேன்களில் ஏறினால் கோயில் பார்க்கலாம், ஆற்றைப் பார்க்க முடியாது. ஏரலில் ஆடி அமாவாசையன்று சேர்மன் அருணாசல சுவாமி கோயில் திருவிழா. அன்று ஆற்றுமணல் முழுவதும் மக்கள்தான்.

கொற்கை

பாண்டியரின் முத்துத் துறை இன்று வயலும் வாழையும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் ஏறத்தாழ 7 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகக் குறிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் தாலமியும் இவ்வூரைச் சொல்கிறார். அவர்கள் குறித்த ஊர் இதுதான் என்று 19-ஆம் நூற்றாண்டில் வாதிட்டவர் பிஷப் கால்டுவெல். அவரே இங்கு மண்ணைத் தோண்டியும் பார்த்தார். 1968–69-இல் இரா. நாகசாமி தலைமையில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது.

நேரில் காண அதிகம் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஒரு முதிய வன்னி மரம், வெற்றிவேல் அம்மன் கோயில், அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில், குளம். அக்கசாலை என்றால் காசு அச்சடிக்கும் இடம். அந்தப் பெயர் ஒரு கோயிலில் ஒட்டிக்கொண்டு நிற்பதே கொற்கை நகரின் செல்வத்துக்குச் சாட்சி. வண்டியை விட்டிறங்கி அரை மணி நேரம் வயல் வரப்பில் நடந்தால், கடல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் விலகியது என்பது கண்ணுக்குத் தெரியும். ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல் 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபின் வாசகர்கள் சிலர் புத்தகத்தோடு இங்கு வருகிறார்கள். நாவலின் களம் பெரும்பாலும் தூத்துக்குடி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள் போலும்.

காயல்கள்

முக்காணிப் பாலம் தாண்டி ஆத்தூர். இவ்வூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால்களின் நடுவே நடக்க உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பொதுவாக மறுப்பதில்லை. ஆத்தூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலை புன்னைக்காயலில் முடிகிறது. தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலப்பது இங்கேதான். ‘தம்பிரான் வணக்கம்’ நூலை 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் இது. மாலையில் படகுகள் திரும்பும் நேரத்தில் வருபவருக்கு இதைவிட நல்ல இடம் இந்தத் தடத்தில் இல்லை.

பழையகாயல் ஆற்றின் வடபுறம், தூத்துக்குடிச் சாலையிலேயே உள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வர்ணித்த காயல் துறைமுகம் இது என்பது கால்டுவெலின் முடிவு. அரேபியக் குதிரைகள் வந்திறங்கிய அந்த ஊரில் இப்போது அணுசக்தித் துறையின் சிர்க்கோனியத் தொழிற்சாலை நடக்கிறது.

தூத்துக்குடி

பழையகாயலைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து வருவது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தினுடையது. வெள்ளைக் குவியல்களைப் படம் எடுக்க எல்லோரும் வண்டியை நிறுத்துகிறார்கள். அளத்தில் வெயிலில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதைத் தவிர்க்கலாம்.

நகரில் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். பனிமய மாதா பேராலயம் 1713-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ஆண்டுத் திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. குறிப்பிட்ட சில ஆண்டுகளில் மட்டும் தங்கத் தேர் ஓடும். கடைசியாக 2023-இல் ஓடியது. அந்நாட்களில் அறை கிடைப்பது அரிது. போர்த்துகீசியரை விரட்டி 1658-இல் டச்சுக்காரர் நகரைப் பிடித்தனர். பின் ஆங்கிலேயர். அவர்களுக்கு எதிராக வ.உ.சி. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கிக் காலியா, லாவோ என்ற கப்பல்களை ஓட்டியது இந்தக் கரையிலிருந்துதான். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் இங்கு வந்தே கப்பலேறினர். 2011-இல் மீண்டும் தொடங்கிய கொழும்புப் பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது.

துறைமுகங்கள் இரண்டு. 1974-இல் பெருந்துறைமுகமான புதிய துறைமுகத்துக்குள் அனுமதியின்றிப் போகமுடியாது. பயணிக்கு வேண்டியது பழைய துறைமுகம். கையால் கட்டிய மரத் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவது இங்கிருந்துதான். தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில் அவை கரையோரம் கட்டிக்கிடக்கும். அப்போது வந்தால் தோணி பார்க்கலாம், புறப்பாடு பார்க்க முடியாது.

முத்துக்குளிப்பைப் பார்க்கலாம் என்று நினைத்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. கடலடியில் சிப்பி வளரும் பாறைத் திட்டுகளை இவ்வூரார் பார் என்பர். தொலாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. பாரில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும் குளிப்பு நடக்கும், பல ஆண்டுகள் வெறுமையாகப் போகும். எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் இங்கே செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டியது. ஆனால் பழைய குளிப்பு திரும்பவில்லை. இன்று நடப்பது சங்குகுளிப்பு. இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்து வளையல் பட்டறைகளுக்குப் போகிறது. கரையில் ‘அசல் முத்து’ என்று கூவி விற்பதை வாங்குபவர் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

வான் தீவு, காசுவாரித் தீவு முதலியவை 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. அங்கே இறங்கத் தடை. மீனவர் யாராவது கூட்டிப்போவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவு வேறு. அங்கே போகலாம்.

சாப்பாட்டில் மக்ரூன் முதலிடம். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுடும் இந்தப் பண்டத்தை ஈரக்காற்று படாமல் வைக்கவேண்டும், அதனால் ஊருக்குத் திரும்பும் அன்று வாங்குவது நல்லது. இரவில் ‘நைட் கிளப்’ என்ற பலகையைப் பார்த்து யாரும் திகைக்க வேண்டாம். இவ்வூரில் அது பரோட்டாக் கடை.

எப்போது, எப்படி

சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில் தூத்துக்குடி வந்து சேரும். வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அது தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் இருப்பதால் இறங்கியதும் நேரே ஆதிச்சநல்லூர்ப் பக்கம் போய்விடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறை வெறிச்சோடும், மீன் விலை ஏறும், வெயிலும் கொளுத்தும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்கு மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆறு கரைபுரண்டு ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. அம்மாதங்களில் வருபவர் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது.

தையும் மாசியும்தான் ஏற்ற காலம். நெல் அறுவடை, ஆற்றில் நீர், தாங்கக்கூடிய வெயில் மூன்றும் சேர்ந்திருக்கும். ஆதிச்சநல்லூருக்கும் கோயில்களுக்கும் ஒரு நாள், கொற்கைக்கும் காயல்களுக்கும் ஒரு நாள், தூத்துக்குடிக்கு ஒரு நாள் என்று மூன்று நாள் ஒதுக்கவேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவர் பேசாமல் திருச்செந்தூருக்கு மட்டும் போய்வரலாம்.