புள்ளி வைத்த எழுத்து: பழ ஈ சொல்லும் வரலாறு

மாணவர்களே, ‘க’ மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’ ஆகிவிடுகிறது. எழுத்து அதேதான், ஒலிதான் மாறிப்போச்சு. பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உயிரணுவுக்குள்ளும் இப்படியொரு புள்ளி உண்டு. அதை அறிவியல் கண்டுகொண்ட கதையைப் பார்ப்போமா?

டி.என்.ஏ.வில் உள்ள செய்தியைப் படியெடுத்துச் செல்வது தூது ஆர்.என்.ஏ. அதிலுள்ள அடினோசின் என்ற ‘எழுத்தின்’ மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறி ஒட்டியிருப்பது 1974-இல் தெரியவந்தது. அதன் பெயர் எம்6ஏ. ஆனால், அது எங்கெங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க அப்போது வழியில்லை. 2011-இல் இக்குறியை நீக்கும் நொதி ஒன்று அடையாளம் காணப்பட்டது. 2012-இல் குறிகளின் இடங்களை வரைபடமாக்கும் முறை வந்தது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக் காத்திருப்பு!

அடுத்து, குறி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தந்தது பழ ஈ. 1910-இல் மார்கன் வெள்ளைக் கண் ஈயைக் கண்ட நாள்முதல் மரபியலுக்குக் கைகொடுத்துவரும் பூச்சி அது. 2016-இல் ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் குறி இடும் நொதியை ஈக்களிடமிருந்து நீக்கிப் பார்த்தன. ஈக்கள் சாகவில்லை, ஆனால் பறக்க முடியவில்லை, நடையும் தடுமாறியது.

இன்னொன்றும் தெரிந்தது. ஈ பெண்ணாக வளர ‘செக்ஸ்-லீத்தல்’ என்ற மரபணுவின் செய்தியில் ஒரு துண்டை வெட்டி விலக்க வேண்டும். ஆண் ஈயில் அத்துண்டு அப்படியே இருக்கும். அதிலுள்ள நிறுத்தக் குறியால் முழுப் புரதம் உருவாகாது. எம்6ஏ இல்லாத பெண் ஈக்களில் இந்தச் செய்தியின் ஒரு பகுதி ஆண் ஈயில் உள்ளதுபோலவே அமைந்துவிட்டது.

அப்படின்னா, பாலினத்தைத் தீர்மானிப்பது எம்6ஏதானா? இல்லை. இங்கேதான் பலர் அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள். தீர்மானிப்பது மரபணு, அந்தத் தீர்மானம் தடுமாறாமல் நிறைவேற உறுதுணையாக நிற்பது குறி. மரபணுவின் வலிமை குறைந்திருக்கும்போதுதான் குறியின் அருமை முழுதாகத் தெரியும்.

காரண-விளைவு வினாவுக்கு விடை எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். முதன்மைக் காரணம் வேறு, துணைக் காரணம் வேறு. இரண்டையும் பிரித்து எழுதினால்தான் அது வரலாறு. கலந்துவிட்டால் வெறும் கதை.