88-க்கு 2

அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1789-லிருந்து பெயர்வாரியாகப் பதிவான ஓட்டுகள் எல்லாவற்றையும் ‘வோட்வியூ’ என்ற தரவுத்தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு எண் உண்டு. ஆதரித்து ஓட்டுப் போட்டால் 1, எதிர்த்துப் போட்டால் 6, போடவே இல்லை என்றால் 9. இடையில் உள்ள எண்களுக்கும் அர்த்தம் இருக்கிறது, இப்போதைக்கு அவை வேண்டாம். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ஒருவன் கையில் இப்படி ஒரு ஃபைல் கிடைத்தால் என்ன ஆகும்? சில வார இறுதிகள் காணாமல் போகும். எனக்குப் போயின.

அதில் நான் தேடிப்போன ஆள் வெய்ன் மோர்ஸ். ஓரிகன் மாநிலத்தின் செனட்டர். 1945 முதல் 1969 தொடக்கம் வரை, 24 ஆண்டுகள். அவர் பெயர் வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் ஒரே ஒரு ‘6’. 1964 ஆகஸ்ட் 7 அன்று டொன்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 88, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவரில் ஒருவர் அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங், இன்னொருவர் மோர்ஸ். கீழவையில் அதே தீர்மானம் 416-க்கு 0. வியட்நாம் போரை அதிபர் தன் விருப்பப்படி விரிவாக்கிக்கொள்ள அந்தத் தீர்மானம்தான் சாவியாக இருந்தது. போர் முடிவதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் செத்தார்கள். வியட்நாமியர்களின் சாவை லட்சங்களில்தான் எண்ண வேண்டும்.

90 பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் 2 என்பது கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அப்புறம் எதற்கு அந்த ஓட்டு? ஃபைலை மூடிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

*

மோர்ஸ் அடிப்படையில் சட்டப் பேராசிரியர். ஓரிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் டீனாக இருந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தேசியப் போர்த் தொழிலாளர் வாரியத்தில் பணியாற்றினார். 1944-ல் குடியரசுக் கட்சி வேட்பாளராக ஜெயித்து செனட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே சொந்தக் கட்சி கொண்டுவந்த டாஃப்ட்-ஹார்ட்லி தொழிலாளர் சட்டத்தை எதிர்த்தார். 1952-ல் ஐசனோவர் நிக்சனைத் துணை அதிபர் வேட்பாளராக்கியபோது கட்சியை விட்டே வெளியேறினார்.

1953 ஜனவரியில் செனட் கூடியபோது அவர் ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுவந்தார். இரண்டு கட்சி வரிசைக்கும் நடுவில் இருக்கிற நடைபாதைதான் தன் இடம் என்று காட்டுவதற்காக. இது நாடகம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை நிஜம். ராணுவக் குழுவிலும் தொழிலாளர் குழுவிலும் இருந்த இடங்கள் பறிபோயின. செனட்டில் உண்மையான வேலை நடப்பது குழுக்களில்தான். தனியாள் என்றால் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

அந்த ஆண்டு ஏப்ரலில், கடலோர எண்ணெய் வளத்தை மாநிலங்களுக்கு விட்டுக்கொடுக்கும் மசோதாவை எதிர்த்து 22 மணி 26 நிமிடம் தொடர்ந்து பேசினார். அன்றைக்கு அது சாதனை. 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் அதை முறியடித்தார். மசோதா என்ன ஆனது? நிறைவேறியது.

1955-ல் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். அங்கேயும் அடங்கி இருக்கவில்லை. 1959-ல் கிளேர் பூத் லூஸை பிரேசில் தூதராக்குவதைக் கடுமையாக எதிர்த்தார். 79-க்கு 11 என்று தோற்றார். ஆனால் ஜெயித்த லூஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. மோர்ஸைச் சில வருடம் முன்பு குதிரை ஒன்று தலையில் உதைத்ததிலிருந்துதான் தன் கஷ்டகாலம் ஆரம்பித்தது என்றார். குதிரை உதைத்தது உண்மைதான். அந்தப் பேச்சு கிளப்பிய சலசலப்பில், பதவியேற்கப் போகாமலேயே லூஸ் ராஜினாமா செய்தார்.

இவரோடு ஒரே அறையில் வேலை பார்ப்பது சுகமான அனுபவமாக இருந்திருக்காது. டீம் மீட்டிங்கில் எல்லாரும் தலையாட்டி முடித்த பிறகு “ஒரு சின்ன சந்தேகம்” என்று ஆரம்பிப்பாரே ஒருத்தர், அந்த ரகம்.

*

ஃபைலில் என்னை நிறுத்தி வைத்தது 1964 இல்லை, 1957. அந்த ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் ஆகஸ்ட் 7 அன்று, தேதியைக் கவனியுங்கள், 72-க்கு 18 என்று செனட்டில் நிறைவேறியது. எதிர்த்த 18 பேரில் 17 பேர் தெற்கு மாநிலத்துக்காரர்கள். ரஸ்ஸல், ஈஸ்ட்லண்ட், தர்மண்ட் என்று இனப் பாகுபாட்டைக் கட்டிக்காத்த பெயர்கள். பதினெட்டாவது பெயர் மோர்ஸ்.

சமரசத்துக்காக வெட்டி வெட்டி அந்தச் சட்டத்தில் உயிரே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். கறுப்பின மக்களுக்கு இது போதாது என்பதால் அவர் எதிர்த்தார். இதுவே அதிகம் என்பதால் மற்றவர்கள் எதிர்த்தார்கள். ஃபைலில் பதினெட்டு பேருக்கும் ஒரே எண், 6. ஓட்டுகளை வைத்து உறுப்பினர்களை இடது வலது என்று அளக்கும் கணித முறை ஒன்று உண்டு. கீத் பூலும் ஹவர்ட் ரோசந்தாலும் உருவாக்கியது. அந்த முறைக்குள்ளும் இந்த 6 வெறும் 6-ஆகத்தான் போகும். ஏன் என்பதை எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்தப் பதினெட்டு பேரில் ஆர்கன்சாவின் வில்லியம் ஃபுல்பிரைட்டும் உண்டு. 1957-ல் மோர்ஸோடு ஒரே பக்கம். ஏழு ஆண்டு கழித்து அதே தேதியில் டொன்கின் தீர்மானத்தை செனட்டில் நடத்திக்கொடுத்தவர் அவர்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஓட்டுக் கணக்கு ஓர் ஆளின் முக்கியமான வேலையைக் காட்டாமலே விட்டுவிடும். மோர்ஸ் செனட்டின் கல்வித் துணைக்குழுத் தலைவராக இருந்தார். பள்ளிகளுக்குப் பெரிய அளவில் மத்திய நிதியைக் கொண்டுவந்த 1965-ம் ஆண்டுச் சட்டத்தை செனட்டில் நடத்தி முடித்தவர் அவர். ஒரு திருத்தம்கூட இல்லாமல் கடத்தினார். மடக்கு நாற்காலிக்காரர், தேவைப்பட்டபோது பேசி, வளைத்து, ஆள் சேர்த்து வேலையை முடிக்கத் தெரிந்தவராகவும் இருந்திருக்கிறார். ஃபைலில் இது ஒரே ஒரு ‘1’. அதே மசோதாவுக்கு யோசிக்காமல் கை தூக்கியவருக்கும் அதே 1.

*

1964-க்கு வருவோம். ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாம் படகுகள் ‘மேடாக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கின. 4-ம் தேதி இரவு இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. அங்கிருந்த கப்பல் படைத் தலைவரே, வானிலையாலும் சோனார் பார்த்தவர்களின் பதற்றத்தாலும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று தந்தி அனுப்பினார். அதற்குள் பதிலடி முடிவாகிவிட்டது. தேர்தல் ஆண்டு. ஜான்சனை எதிர்த்து நிற்பவர் கோல்ட்வாட்டர். தயங்குகிற அதிபராகத் தெரிய ஜான்சனுக்கு விருப்பமில்லை.

பென்டகனிலிருந்து ஓர் அதிகாரி மோர்ஸைத் தொலைபேசியில் அழைத்தார். மேடாக்ஸின் பதிவேட்டைக் கேளுங்கள், அந்தக் கப்பல் அங்கே என்ன வேலையாகப் போனது என்று கேளுங்கள் என்றார். மோர்ஸ் கேட்டார். அதற்குச் சில நாள் முன்பு வட வியட்நாமின் தீவுகள்மீது தென் வியட்நாம் படகுகள் நடத்திய தாக்குதலுக்கும் இந்தக் கப்பலுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் விஷயம். பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, அப்படி எதுவும் கடற்படைக்குத் தெரியாது என்றார்.

மோர்ஸின் மூலவாதம் கப்பலைப் பற்றியது இல்லை. போர் அறிவிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் முதல் பிரிவுப்படி காங்கிரஸுடையது. அதை ஒரு தீர்மானம் போட்டு அதிபரிடம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. இது பெரிய வரலாற்றுப் பிழையாகப் போகிறது என்று அவையிலேயே சொன்னார்.

அந்த 88 பேரும் போர் வெறியர்களா? இல்லை. விஸ்கான்சினின் கேலார்ட் நெல்சனுக்குச் சந்தேகம் இருந்தது. போரை விரிவாக்கும் நோக்கமில்லை என்று ஒரு திருத்தம் சேர்க்கக் கேட்டார். அதிபரின் எண்ணமும் அதுதான், ஆனால் இப்போது திருத்தினால் தாமதமாகும் என்று ஃபுல்பிரைட் சமாதானம் சொன்னார். நெல்சன் ஆதரித்து ஓட்டுப் போட்டார். சந்தேகம் பேச்சில் இருந்தது, ஓட்டில் இல்லை. மோர்ஸுக்கும் நெல்சனுக்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

*

1966 மார்ச் 1 அன்று அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய மோர்ஸ் முயன்றார். 92-க்கு 5 என்று அது ஓரங்கட்டப்பட்டது. இரண்டு ஐந்தாகியிருந்தது. புதிய மூவரில் ஒருவர் ஃபுல்பிரைட்.

1968 தேர்தலில் க்ரூனிங் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். மோர்ஸ் சுமார் 3,300 ஓட்டு வித்தியாசத்தில் பாப் பேக்வுட்டிடம் தோற்றார். 1970 ஜூனில் தீர்மானத்தை ரத்து செய்ய செனட் 81-க்கு 10 என்று ஓட்டுப் போட்டது. இருவரும் அப்போது அவையில் இல்லை. 1974-ல் பேக்வுட்டிடமிருந்து தன் இடத்தை மீட்கப் பிரசாரம் செய்துகொண்டிருக்கும்போதே மோர்ஸ் இறந்தார். ஆகஸ்ட் 4 அன்று தாக்குதலே நடக்கவில்லை என்று அமெரிக்க உளவு அமைப்பின் சொந்த வரலாற்றாய்வாளர் எழுதியது 2005-ல் வெளியானது.

*

இதே வேலையை நம் மாநிலங்களவைக்குச் செய்யலாம் என்று நினைத்தால் முதல் படியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு எம்பியின் வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் எல்லாவற்றையும் பிஆர்எஸ் நிறுவனம் ஒழுங்காகத் தொகுத்துத் தருகிறது. எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார்? பெரும்பாலான மசோதாக்களுக்கு அப்படி ஒரு பதிவே கிடையாது. குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. ‘ஆம்’ என்ற சத்தம் அதிகமாகக் கேட்டதாக அவைத்தலைவர் சொன்னால் முடிந்தது. யாராவது டிவிஷன் கேட்டால்தான் பெயர் பதிவாகும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று துணைத்தலைவர் காரணம் சொன்னார், எதிர்க்கட்சியினர் அதை மறுத்தார்கள். மசோதாக்கள் குரல் ஓட்டில் நிறைவேறின. யார் எந்தப் பக்கம் என்று காட்ட இன்று ஒரு வரிகூட இல்லை.

பதிவு இருக்கும் இடத்தில் கதையும் இருக்கிறது. 1970 செப்டம்பர் 5 அன்று மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224, மூன்றில் இரண்டு பங்கு 149.33. மூன்றில் ஒரு ஓட்டு குறைந்து மசோதா விழுந்தது.

அடுத்தது பத்தாவது அட்டவணை. 1985-லிருந்து, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். கட்சியைத் தானாக விட்டாலும் போகலாம். மோர்ஸ் இங்கே இருந்திருந்தால் 1952-லேயே கதை முடிந்திருக்கும். இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1967-க்குப் பிறகு ஹரியானாவில் தொடங்கிய ‘ஆயா ராம், கயா ராம்’ கூத்தைப் பார்த்துச் சலித்துப்போய்க் கொண்டுவந்தது. 1950-ல் குடியரசுக் கட்சி என்று நம்பி மோர்ஸுக்கு ஓட்டுப் போட்ட ஓரிகன்காரரும், கட்சி மாறியவரைப் பார்த்து ‘ஏமாத்திட்டாரே’ என்றுதானே சொல்லியிருப்பார்? நியாயமான கேள்வி. 1956-ல் மோர்ஸ் அவரிடமே போய் நின்றார், வேறு சின்னத்தில், பழைய ஓட்டுகளின் பட்டியலோடு. ஓரிகன் அவரைத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. 1968-ல் அதே பட்டியலைப் பார்த்து, நூலிழையில், வேண்டாம் என்றது. இரண்டு முடிவும் ஜனங்களுடையது. பட்டியல் இருந்ததால் அந்த முடிவை அவர்களால் எடுக்க முடிந்தது.

தோற்கிற ஓட்டு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் சாதாரணமானது. ‘அப்போது யாருக்குமே தெரியாது’ என்று பின்னால் யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பெயரும் மாநிலமும் தேதியும் அந்த ஃபைலில் இருக்கின்றன. அந்த 88 பேருடையவையும்.