மிச்சம் பிடித்தது யார்?

ஹீட்டர் என்றால் எனக்குக் குளியலறைச் சுவரில் தொங்குவது மட்டும்தான். கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு, ஒரு கட்டடத்தையே மாதக்கணக்கில் சூடேற்றிக்கொண்டிருப்பது வேடிக்கையாகத்தான் பட்டது. ஆனால் சில வருடங்கள் அதுதான் எனக்குச் சோறு போட்டது. சென்னையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் அலுவலகக் கட்டடங்களுக்குச் சூடேற்றும் செலவைக் கணிக்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் யோசனைப்படி ஒரு கட்டடத்தில் பாய்லர் ஓடும் நேரத்தைக் குறைத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் எரிவாயுச் செலவு 18 சதவீதம் குறைந்திருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டேன். குழுவுக்கு ஆலோசகராக வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக்கல் எஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மிச்சம் ஆயிருக்கு, சரி தம்பி. மிச்சம் பிடிச்சது யாரு? நீங்களா, வானமா?"

வானம்தான். அந்த வருடம் குளிரே குறைவு. அதைக் கழித்துப் பார்த்தபோது 18 சுருங்கி 4 ஆனது.

கழிப்பதற்கு அவர் கற்றுக்கொடுத்த அளவுகோலின் பெயர் டிகிரி டே. வெளியே அன்றைய சராசரி வெப்பநிலை 65 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் (நம் கணக்கில் சுமார் 18 செல்சியஸ்) பாய்லர் தேவையில்லை. விளக்குகளின் சூடும் மனிதர்களின் உடற்சூடுமே போதும். சராசரி 45 ஆக இறங்கினால் குறைவது 20. அன்றைய கணக்கில் 20 டிகிரி டே. இப்படி ஒவ்வொரு நாளையும் கூட்டினால் ஒரு மாதத்தின் குளிர் ஒற்றை எண்ணாகிவிடும்.

கிடைமட்டத்தில் அந்த எண்ணையும் செங்குத்தில் எரிவாயுவையும் வைத்து, மாதத்துக்கு ஒரு புள்ளி போட்டால், ஒழுங்கான கட்டடத்தில் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும். கோட்டின் சாய்வு, கட்டடம் எவ்வளவு வெப்பத்தை ஒழுகவிடுகிறது என்று சொல்லும். கோடு தொடங்கும் உயரம், குளிரே இல்லாவிட்டாலும் எரிவது எவ்வளவு என்று காட்டும். வெந்நீர் மாதிரியான செலவுகள் அவை. புள்ளிகள் கோட்டை விட்டுச் சிதறினால், யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் கட்டடத்தில் சிதறலைத் துரத்திப் போனபோதுதான், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

2009இல் அறிவிக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் சீரமைப்பு இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. 1931இல் திறந்த கட்டடம், 6,514 ஜன்னல்கள். அவற்றைக் கழற்றி, அங்கேயே ஒரு மாடியில் பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய படலத்தையும் வாயுவையும் அடைத்துத் திரும்ப மாட்டினார்கள். வெப்பம் சுவர் வழியே வெளியேறாமல் இருக்க ரேடியேட்டர்களுக்குப் பின்னால் தடுப்பு வைத்தார்கள். ஆற்றல் செலவு 38 சதவீதம் குறையும், ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிஞ்சும் என்று கணித்தார்கள். இப்படிப்பட்ட எந்த வாக்குறுதியும் நிறைவேறியதா என்று பார்க்க, வானிலையை முதலில் கழித்தாக வேண்டும்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தேடினால், 65 என்ற எல்லை அமெரிக்க எரிவாயு நிறுவனங்களின் பொறியாளர்களிடம் போய் நிற்கிறது. இன்னும் பின்னால் போனால், பயிர் விளைய எவ்வளவு வெப்பம் வேண்டும் என்ற கேள்வி. 1735இலேயே பிரான்சின் ரெயமூர் தினசரி வெப்பநிலைகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலும் கீழும் சேரும் வெப்பத்தைக் கணக்கிட 1878இல் முறையான வழி வகுத்தவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. வங்காளப் பொறியாளர் படையில் இருந்தவர்; இமயமலையில் செடிகள் சேகரித்தவர்.

அந்தப் பெயரை நான் வேறெங்கோ படித்திருந்தேன். அதே 1878இல் அமைக்கப்பட்ட இந்தியப் பஞ்ச விசாரணைக் குழுவின் தலைவரும் இவரேதான். தாது வருடப் பஞ்சத்தில் நம் ஊர்கள் காலியாகி முடிந்த நேரம் அது. எங்கள் ஆச்சி, யாராவது அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் "தாது வருசத்துல பொறந்தவனா நீ?" என்பாள்.

1880இல் வந்த குழுவின் அறிக்கை, பஞ்சத்துக்குக் காரணமாக வறட்சியைத்தான் முன்னிறுத்தியது. தனியார் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடுவதை அது ஆதரிக்கவில்லை. பிற்காலத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்த பஞ்ச விதிகள் அதிலிருந்துதான் பிறந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மழை பொய்த்த அதே காலத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877இல் சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைகளில், கல்லுடைப்பவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். இவை எதுவும் வானம் செய்ததல்ல.

திருத்திய அறிக்கையில் 4 சதவீதம் என்று போட்டு அனுப்பினேன். மேலாளருக்கு முகம் வாடிப்போனது. லாபம் வரும்போது வானத்தின் பங்கை நம் பெயரில் எழுதிக்கொள்வதும், சாவு வரும்போது நம் பங்கை வானத்தின் பெயரில் எழுதிவிடுவதும் ஒரே கணக்குப் பிழைதான். ஸ்ட்ரேச்சிக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. அந்தக் கழித்தலை எங்கள் ஊர்ப் பிணங்களுக்கும் அவர் போட்டுப் பார்த்திருக்கலாம்.