அண்ணல் வரைந்த வீடு

1917-இல், வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் பணிக்குச் சேர்ந்த அண்ணல் அம்பேத்கருக்கு அங்கே தங்க இடமில்லை. பார்சி விடுதியில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். பிறகு பம்பாயில் பரேல் தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு அறைகளில் குடும்பத்தோடு பல ஆண்டுகள். புத்தகங்கள் பெருகின, இடம் பெருகவில்லை.

1930களின் தொடக்கத்தில் தாதரில் சொந்த வீடு கட்டினார். புத்தர் வாழ்ந்த மகத நகரின் நினைவாக ராஜகிருஹம் என்று பெயர் வைத்தார். கீழ்த்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும். இடம் மறுக்கப்பட்டவர் தன் வீட்டில் அறிவுக்கு ஒரு தளத்தையே கொடுத்தார்.

தோழர்களே, நமக்குக் கிடைப்பது தொகுப்பு வீடாகவே இருக்கலாம். அதிலும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடத்தை முதலில் குறிப்போம்.