நகத்தால் மீட்டிய கம்பிகள்

1792 ஜூலை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்ப் கலைஞர்களுக்கென ஒரு விழா நடந்தது. ஆதரித்துவந்த பிரபுக் குடும்பங்கள் நொடித்துப்போயிருந்த காலம் அது. வந்து சேர்ந்த அயர்லாந்துக்காரர்கள் பத்தே பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பார்வையற்றவர்கள்.

மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்சன், தொண்ணூறைத் தாண்டியவர். சிறுவயதில் பெரியம்மைக்குக் கண்களைப் பறிகொடுத்தவர். வளர்த்த நகங்களால் உலோகக் கம்பிகளை மீட்டும் பழைய முறை அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரிடமே எஞ்சியிருந்தது.

மெட்டுகளை எழுதிவைக்க அமர்த்தப்பட்டவர் 19 வயது எட்வர்ட் பண்டிங். விழா முடிந்தும் அவர் விடவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். 1796, 1809, 1840 என மூன்று தொகுப்புகள் வந்தன. பியானோவுக்கு ஏற்ப மெட்டுகளை மாற்றியதும் உண்டு.

அவற்றில் சிலவற்றுக்குப் பாட்டெழுதிப் பெரும்பேர் வாங்கியவர் கவிஞர் தாமஸ் மூர்.